உப்புப் பார்க்க ஓர் ஆள்

அந்தக் குளிர்காலத்துக் காய்ச்சலில்தான் சின்னுவுக்கு மூக்கு போனது. காய்ச்சல் விட்டது, இருமலும் ஒரு வழியாக ஓய்ந்தது. வாசனை மட்டும் போனது போனதுதான். சளி அடைத்திருக்கிறது, வெந்நீரில் ஆவி பிடித்தால் சரியாகிவிடும் என்று முதலில் நினைத்தாள். ஒருநாள் தாளிக்கும்போது கடுகு வெடித்தது, கறிவேப்பிலை படபடத்தது, ஆனால் அடுப்பிலிருந்து எதுவுமே எழுந்து வரவில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்கு நேரே பிடித்தாள். சுண்ணாம்புத் தூளை மோந்த மாதிரி இருந்தது. பெருங்காயமே தெரியவில்லை என்றால் அப்புறம் அது என்ன மூக்கு.

சின்னு என்பது அக்காமார் வைத்த பெயர். வீட்டின் கடைக்குட்டி என்பதால் சின்னப்பொண்ணு என்று கூப்பிட ஆரம்பித்து, அது தேய்ந்து சின்னுவாகி, நாற்பதைத் தாண்டி, கடல் தாண்டி வந்த பிறகும் ஒட்டிக்கொண்டது. கட்டினவரும் அப்படியேதான் கூப்பிடுவார்.

இரண்டு பேரும் மாடியில் ஒரே ஓர் அறையும் அடுப்படியும் உள்ள வீட்டில் குடியிருந்தார்கள். ஜன்னல் முழுக்கச் சாத்த வராது. இடுக்கில் பழைய துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். மகள் ஊரில் பெரியக்கா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். சின்னுவுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். துவைத்து வந்த ஈரப் போர்வைகளை ஆளுக்கொரு முனை பிடித்து விரித்து, தேய்த்துக் காயவைக்கிற ரோலருக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் சுடச்சுட வருவதை வேறு இரண்டு பேர் மடிப்பார்கள். முகத்தில் அனல், முதுகில் கதவு வழியாக வரும் குளிர்காற்று. நாள் முழுக்க உதறி உதறி மணிக்கட்டு இரண்டும் விட்டுப்போயிருந்தன. அவருக்கு பஸ் டிப்போவில் வேலை. ஓடி முடித்து வருகிற வண்டிகளை உள்ளும் புறமும் கழுவ வேண்டும். ரப்பர் பூட்ஸைக் கழற்றினால் காலில் தோல் ஊறி வெளுத்திருக்கும்.

அவள் இருட்டு விலகுமுன் போய்ப் பிற்பகலில் வருவாள். அவர் காலையில் கிளம்பி விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவார். ஆக இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது ராத்திரிச் சோறு ஒன்றுதான். அந்த ஒரு வேளைக்காக அவள் எவ்வளவு அலுத்து வந்தாலும் சோறும் குழம்பும் ஒரு பொரியலும் வைத்துவிடுவாள். தட்டைப் போட்டதும் கேட்பாள்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

கல்யாணமான மறுநாளிலிருந்து அவருடைய பதில் இதுதான். உப்புக் கரித்த நாளிலும் நல்லா இருக்கு, அரை வேக்காட்டு நாளிலும் நல்லா இருக்கு. நடு அக்காவின் புருஷன் குழம்பில் காரம் தூக்கல் என்று தட்டை முற்றத்தில் வீசியவர். அதனால் சின்னுவுக்கு இது பெரிய கொடுப்பினையாகத்தான் பட்டது. ‘உனக்கு வாய்ச்சவர் தங்கம்டி’ என்று அக்காமார் சொல்லிச் சொல்லி அவளும் அதை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

மூக்கு போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. சலவைக்கூடத்து கேன்டீனை ஒரு பருத்த அம்மாள் நடத்தினாள். அந்த ஊர்க்காரி. காய்ச்சலுக்கு முன்னால் ஒருநாள் மதியம் சின்னு பங்கிட்டுக் கொடுத்த முட்டைக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, விரலை வழித்துக்கொண்டே, “குளிர் முடிஞ்சதும் எங்கிட்ட இருக்கற பொண்ணு போகப்போறா. நீ அடுப்படிக்கு வந்துடு” என்றாள். ரோலர் கிடையாது, ஈரப் போர்வை கிடையாது. வெந்த காயின் சூட்டில் நின்றுகொண்டு நாலு பேருக்குப் போட்டுக் கொடுக்கிற வேலை. சின்னு அதை நினைத்துத்தான் மணிக்கட்டுக்குத் துணி சுற்றிக்கொண்டு நாளைத் தள்ளினாள். சமைக்கிறவளுக்கு மூக்கில்லை என்று வெளியே தெரிந்தால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

அதனால் கையை நம்பிச் சமைத்தாள். கடுகைக் காதால் கேட்டாள், வெங்காயத்தைக் கண்ணால் பார்த்தாள், மற்றதைப் பழக்கம் பார்த்துக்கொண்டது. நாக்கில் வைத்தால் உப்பும் புளிப்பும் எங்கோ தூரத்தில் தெரிந்தன. மிளகாய் வெறுமனே எரிந்தது. தன் தட்டில் இருப்பது அவளுக்குச் சூடான ஈரப் பஞ்சாக இருந்தது. எதிரே அவர் சாப்பிட்டுக்கொண்டே, நல்லா இருக்கு என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் அடுத்த நாளும் அடுப்பு மூட்டினாள்.

பருப்பு தீய்ந்த அன்றுதான் குட்டு உடைந்தது.

நல்ல மழை. வேலை விட்டு வந்ததும் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, அறையில் இருக்கிற கொஞ்சம் கதகதப்பும் போய்விடக் கூடாதென்று அடுப்படிக் கதவைச் சாத்தினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்தபடி ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை. ஆனால் உடம்பு கிடந்த கிடப்பில் நேரம் போனது தெரியவில்லை.

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் தடதடவென்று ஏறி வந்தது. அவர் அப்படி ஓடி வருகிற ஆளில்லை. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு அவளைக்கூடப் பார்க்காமல் நேரே அடுப்படிக்குள் போனார். அடுப்பை அணைக்கிற சத்தம், பாத்திரம் தொட்டியில் விழுகிற சத்தம், தண்ணீர் பட்டு உஸ்ஸென்று சீறுகிற சத்தம். திறந்த கதவு வழியாக அறைக்குள் புகை உருண்டு வந்தபோதுதான் சின்னு எழுந்தாள்.

“கீழ்வாசல்லயே தீய்ஞ்ச நாத்தம் அடிக்குது. படுத்துத் தூங்கிட்டியா?”

“இல்லீங்க. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“முழிச்சுக்கிட்டா? கண்ணைக் கரிக்குது, கதவுக்கு அந்தாண்ட இருந்தா வாசனைகூடவா வராது?”

அவர் ஜன்னல் துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பினார். முகத்தில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“சின்னு. என்னன்னு சொல்லு.”

“எனக்கு வாசனை தெரியல.”

“எப்பலேர்ந்து?”

“காய்ச்சல்லேர்ந்து. எதுவும் தெரியல. நாக்குலயும் ஒண்ணும் ஏறல.”

அவர் பூட்ஸோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். காலடியில் தண்ணீர் தேங்கியது.

“நெனைச்சேன்” என்றார்.

“என்ன நெனைச்சீங்க?”

“ஏதோ சரியில்லன்னு. ஒருநாள் கத்திரிக்காய்க் குழம்பு வெச்சியே.”

“ஆமா. ரெண்டு வேளை வந்துச்சு. நான் கஞ்சி குடிச்சேன், நீங்கதான் அதைத் தீர்த்தீங்க.”

“அது ரெண்டாவது வேளைக்குக் கெட்டுப்போயிருந்துச்சு.”

“வயித்த வலின்னு மறுநாள் வேலைக்குப் போகாமக் கெடந்தீங்களே.”

“அதுதான்.”

சின்னு கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சே சாப்பிட்டீங்களா?”

“நீ காய்ச்சல்லேர்ந்து எழுந்து நின்னு ஆக்கிருக்க. எப்படிச் சொல்றது?”

“கெட்டுப்போச்சுன்னு சொல்ல என்னங்க, பஞ்சாங்கமா பாக்கணும்? வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே. ஏதாவது ஆயிருந்தா?”

“ஒண்ணும் ஆகலையே.”

“அப்ப இத்தனை வருஷமா நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொன்னது?”

அவர் பூட்ஸைக் கழற்றக் குனிந்தார். குனிந்தபடியே சொன்னார்: “பாதி நல்லாத்தான் இருந்துச்சு.”

“மீதி?”

“மீதியும் மோசமில்ல.”

வேறொரு நாளாயிருந்தால் அவள் சிரித்திருப்பாள். அன்று சிரிப்பு வரவில்லை. தீய்ந்த பாத்திரம் தொட்டியில் கிடந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தது. அவர் ஈரக் காலுறையைப் பிழிந்தார், மடித்தார், மறுபடி பிரித்தார். ஏதோ சொல்ல வருகிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

“இவ்வளவு ஆச்சு, இதையும் சொல்லிடறேன். டிப்போ பக்கத்துல ஒரு ரொட்டிக்கடை இருக்கு. வேலை விட்டதும் அங்க மீன் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுட்டுத்தான் வரேன்.”

“எப்பவாவதா?”

“மழை பெஞ்சா.”

“இந்த ஊர்ல எப்பங்க மழை பெய்யல?”

அவர் பூட்ஸை எடுத்துக் கதவோரம் வைத்தார்.

“அங்க சாப்பிட்டுட்டு இங்க வந்து மறுபடியும் சாப்பிடுவீங்க. நான் பசியோட வரார்னு தட்டு நிறையப் போடுவேன். ஏங்க, நம்ம சாப்பாடு பிடிக்கலைன்னா சொல்லியிருக்கக் கூடாதா?”

“பிடிக்காம இல்ல சின்னு. நாள் முச்சூடும் தண்ணில நின்னுட்டு அங்க போய் உக்காந்தா, அந்தச் சூடு உள்ள எறங்கும்போது, சரி, நாம இங்கதான் இருக்கோம், இதுதான் நம்ம பொழப்புன்னு மனசு அடங்கிப்போகுது. நம்ம சோத்துல கைவெச்சா ஊர் நெனப்பு வந்துடுது. பொண்ணு நெனப்பு வருது. எப்பவாவது வந்தாப் பரவால்ல. தெனம் தெனம் வந்தாத் தாங்கல.”

அவள் எழுந்து போய்த் தீய்ந்த பாத்திரத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். மணிக்கட்டு வலித்தது. விடாமல் தேய்த்தாள்.

அதன் பிறகு சில நாள் அடுப்பு மூட்டவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. கோபப்படவும் தெம்பு வேண்டும். யாருக்காக இத்தனை காலம் நின்று நின்று ஆக்கினோம் என்று கேட்டுக்கொண்டாள், அதற்கு மேல் யோசிக்க முடியாமல் படுத்துக்கொண்டாள். அவர் வந்து தானே சோறு வடித்தார். அது சோறாகவும் இல்லை, கஞ்சியாகவும் இல்லை. கரண்டியில் எடுத்தால் கரண்டியோடு சேர்ந்து நின்றது. அதில் தயிரை விட்டு அவள் முன்னால் வைப்பார். அவள் ருசி தெரியாமல் சாப்பிடுவாள், அவர் ருசி தெரிந்து சாப்பிடுவார். அவர் பாடுதான் மோசம் என்று அவளுக்கே ஒரு கட்டத்தில் தோன்றிவிட்டது.

இருவருக்கும் சேர்ந்து விடுமுறை வந்த ஒருநாள், “கெளம்பு” என்றார்.

“எங்க?”

“வா, சொல்றேன்.”

டிப்போவின் பின்சுவரை ஒட்டிய சந்தில் இருந்தது அந்த ரொட்டிக்கடை. மூன்று மேசை, கண்ணாடியில் முழுக்க ஆவி. புருவத்தில் மாவு ஒட்டிய கடைக்காரர், இவர்களைக் கண்டதும் எதுவும் கேட்காமல் இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தார். சின்னுவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவரிடம், “வீட்டம்மாவா?” என்றார். ஆமாம் என்று இவர் தலையாட்டினார்.

“உங்க வீட்டுக்காரர் பொல்லாத ஆளும்மா” என்றார் கடைக்காரர். “மொத நாளே சூப்புல உப்பு ஜாஸ்தின்னார். அப்புறம் ரொட்டி அடியில கருகியிருக்குன்னார். போன வாரம் மீன் பழசுன்னு கிண்ணத்தைத் திருப்பி அனுப்பிட்டார். பழசுதான். அவர் சொன்னப்புறம்தான் நானே மோந்து பார்த்தேன்.”

சின்னு மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் ரொட்டியைப் பிய்ப்பதில் மும்முரமாக இருந்தார்.

“இங்க மட்டும் வாய் இருக்கா உங்களுக்கு?” என்றாள் தமிழில்.

“அவன் யாரோ. அவன்கிட்டச் சொல்ல என்ன பயம்?”

“என்கிட்ட என்ன பயம்?”

“ஆறிடும், சாப்பிடு.”

அவள் ரொட்டியைக் கையில் எடுத்தாள். மேல்தோல் மொறுமொறுவென்று உடைந்தது. உள்ளே சூடாக, இழுத்தால் நீள்கிற மெத்து. பல்லில் அது நொறுங்குகிற சத்தம் காதுக்குள் கேட்டது. சூப்பின் சூடு தொண்டையில் இறங்கி நெஞ்சில் பரவியது. பக்கத்தில் சின்னத் தட்டில் வினிகர்க் காடியில் ஊறவைத்த வெள்ளரித் துண்டுகள் இருந்தன. கடித்தால் நறுக்கென்றது, சில்லென்றது, அந்தப் புளிப்பு எப்படியோ நாக்கைத் தட்டி எழுப்பியது. கொஞ்ச நாளாகவே அவள் சாப்பிடுவதைக் கடமையாகத்தான் செய்துவந்தாள். வீட்டில் ரசத்தை வாயில் வைக்கும்போதெல்லாம் இருக்க வேண்டிய வாசனை இல்லையே என்றுதான் தெரியும். இங்கே இல்லாமல் போக எதுவுமில்லை. இந்த ரொட்டிக்கு என்ன வாசனை என்று அவளுக்கு முன்னாலும் தெரியாது. அவள் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினாள். சூப்பில் முக்கிச் சாப்பிட்டாள். அவர் தன் வெள்ளரித் தட்டையும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

திரும்பி வருகிற வழியில் மழை தூறியது. ஒரே குடைக்குள் இரண்டு பேரும் ஒட்டி நடந்தார்கள்.

“கேன்டீன்ல கூப்பிட்டிருக்காங்க” என்றாள். அதுவரை அவரிடம்கூட அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, “நீங்க எனக்கு உப்புப் பார்க்கணும். நெசத்தைச் சொல்லணும். அந்தக் கடைக்காரர்கிட்டச் சொல்ற மாதிரி” என்றாள்.

அவர் குடையைக் கை மாற்றிப் பிடித்தார். “கஷ்டம்” என்றார்.

“எது?”

“உன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டுச் சொல்றது.”

“சுவரைப் பார்த்துச் சொல்லுங்க.”

அப்படியே செய்தார். அன்று முதல் ராத்திரிச் சமையலுக்கு அவர் அடுப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கரண்டியில் எடுத்து நீட்டினால் ஊதி, உறிஞ்சி, நாக்கைச் சப்புக்கொட்டி யோசிப்பார். ஆரம்பத்தில் வார்த்தை வரவில்லை.

“என்னமோ கொறையுது.”

“என்னன்னு சொல்லுங்க. என்னமோன்னா நான் எதைப் போட?”

“மல்லித்தூள் ஒரு மாதிரி இருக்கு.”

“எந்த மாதிரி?”

“மழைல நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி.”

“அப்படின்னா பச்சை வாடை போகல. இன்னும் வதங்கணும்.” அவள் அடுப்பைக் குறைத்து இன்னும் கிளறினாள். “இப்ப?”

“இப்ப அட்டை காஞ்சுடுச்சு.”

சீரகம் கருகினால் பஸ் பிரேக் தேய்ந்த வாடை என்றார். புளி பத்தவில்லை என்றால், குழம்பு சும்மா நிக்குது, நடக்கமாட்டேங்குது என்றார். அவருக்குத் தெரிந்த சொற்கள் அவ்வளவுதான், ஆனால் நாக்கு துல்லியமாக இருந்தது. இத்தனை வருஷமும் இந்த நாக்கை அடக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறாரே என்று அவளுக்கு ஒரு நேரம் ஆத்திரமாகவும் ஒரு நேரம் பாவமாகவும் இருந்தது. ஒருநாள் கோஸ் பொரியலை வாயில் போட்டுவிட்டு, “இது சரியில்ல” என்றார், சுவரைப் பார்க்காமலே. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அன்று படுக்கும்போது, ஒரு மனுஷனோடு பேசிவிட்டு வந்து படுத்த மாதிரி இருந்தது.

குளிர் கொஞ்சம் தணிந்ததும் கேன்டீனில் இருந்த பெண் போய்விட்டாள். கேன்டீன்காரம்மா சின்னுவைக் கூப்பிட்டு, ஒருநாள் என்கூட நின்று சமைத்துப் பார் என்றாள். முந்தின நாள் ராத்திரி அவர், “மூக்கைப் பத்தி வாயத் திறக்காத. அளவு எல்லாம் உன் கைல இருக்கு. போகப் போகச் சரியாயிடும்” என்றார். அவளுக்கும் அதுதான் எண்ணம்.

அடுப்படி நன்றாகத்தான் இருந்தது. பெரிய பெரிய அண்டாக்கள், இழுக்க இழுக்க வருகிற தண்ணீர்க் குழாய், நறுக்க அகலமான பலகை. சின்னு மடமடவென்று வெங்காயம் நறுக்கினாள், உருளைக்கிழங்கை வேகவைத்து உரித்தாள், அம்மாள் சொன்ன குழம்பை அவள் சொன்ன அளவில் கூட்டி வைத்தாள். வந்து ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்த அம்மாள் தலையை ஆட்டினாள். நெஞ்சுக்குள் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது.

அப்போதுதான் அம்மாள் குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து இவளிடம் நீட்டினாள். “நேத்து வந்த மீன். மோந்து பார்த்துச் சொல்லு, போடலாமா?” சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்று அண்டாவைக் கிளறப் போய்விட்டாள்.

சின்னு மூடியைத் திறந்தாள். மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். குளிர்ச்சி மட்டும் முகத்தில் பட்டது. கண்ணுக்கு மீன் நன்றாக இருந்தது, அழுத்திப் பார்த்தால் சதை குழியவில்லை. நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டியதுதான். அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. வெளியே மணி அடித்தது, ரோலரை நிறுத்திவிட்டு ஆட்கள் பேசிக்கொண்டே சாப்பாட்டு மேசைகளுக்கு வருகிற சத்தம் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் சுருண்டு கிடந்த அவருடைய முதுகு அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

“எனக்குத் தெரியாதும்மா” என்றாள். “காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு மூக்கு வேலை செய்யல.”

அம்மாள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். டப்பாவை வாங்கித் தானே மோந்தாள். “மீன் நல்லாத்தான் இருக்கு” என்றாள். அப்புறம் சின்னுவை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. “இத்தனை பேர் சாப்பிடற இடம். நான் திரும்பி நிக்கும்போது என் மூக்கா நிக்கறதுக்குத்தான் எனக்கு ஆள் வேணும்.”

“புரியுதும்மா.”

“குணமானதும் வா. ஆனா அதுவரைக்கும் எடத்தைக் காலியா வெச்சிருக்க முடியாது.”

வைத்திருக்கவில்லை. அந்த வாரமே வேறொருத்தி வந்துவிட்டாள்.

இந்த மாதிரிச் செய்தி நடந்து போகாது, ஓடிப் போகும். இரண்டொரு நாளில் சூப்பர்வைசர் ரோலர் பக்கம் வந்து நின்றான். “உனக்கு நாத்தமே தெரியாதாமே. அழுக்குப் பக்கம் போறியா? அங்க யாரும் நிக்க மாட்டேங்கறாங்க” என்றான். கேலியாகச் சொல்லவில்லை. நல்ல யோசனை ஒன்று தோன்றிய சந்தோஷம்தான் அவன் முகத்தில் இருந்தது.

அன்று ராத்திரி அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். “நீ என்ன சொன்ன?”

“சரின்னேன்.”

“ஏன் சரின்ன? ஆஸ்பத்திரி அழுக்கு. ரத்தமும் சீழும். அதெல்லாம் ஒரு வேலையா?”

“நீங்க பஸ்ல வாந்தி அள்ளலையா?”

அவர் சோற்றை மறுபடி பிசைந்தார்.

“அங்க ரோலர் இல்லீங்க. மணிக்கட்டாவது தப்பிக்கும்.”

கொஞ்ச நேரம் கழித்து, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மீன் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல. நல்லாத்தானே இருந்துச்சு.”

“சொல்லியிருக்கலாம்” என்றாள். “உங்க வயிறு ஞாபகம் வந்துடுச்சு.”

அழுக்குப் பக்கம் என்பது கூடத்தின் பின்கட்டு. வண்டி வந்து மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போகும். கை முழங்கை வரை உறை, வாயில் கவசம், மார்பில் ரப்பர் அங்கி. முடிச்சை அவிழ்த்துப் போர்வை ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம், நோயாளிச் சட்டை ஒரு பக்கம் என்று பிரித்துப் போட வேண்டும். நடுவில் கரண்டி கிடக்கும், பல்செட் கிடக்கும், ஒருமுறை குழந்தைக் காலுறை ஒற்றையாகக் கிடந்தது. கூட வேலை செய்தவள் அந்த ஊர்க்காரி, வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். எல்லாரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். நெட்டை பத்து மூட்டைக்கு ஒருதரம் கதவைத் திறந்து வெளியே போய் மூச்சு வாங்கி வருவாள். சின்னு போக மாட்டாள். “நீ கொடுத்துவெச்சவ” என்பாள் நெட்டை. சின்னு சிரித்துவைப்பாள். கண்ணுக்குத் தெரிகிறதே, அது போதாதா என்று சொல்ல அந்த ஊர்ப் பாஷை அவளுக்கு எட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பாள். குளித்த பிறகும், “என்மேல நாத்தம் வருதா பாருங்க” என்று அவர்முன் கையை நீட்டுவாள். அவர் மோந்து பார்த்து, இல்லை என்பார், அல்லது, முழங்கை கிட்டக் கொஞ்சம் மருந்து வாடை இருக்கு, இன்னொருதரம் சோப்புப் போடு என்பார். இப்போது அவர் பேச்சை அவள் நம்பினாள்.

சாப்பாடும் ஒரு மாதிரியாக மாறிப்போயிருந்தது. வருகிற வழியில் அவர் ரொட்டி வாங்கி வருவார். கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவருவதால் சூடு போயிருக்காது. அவள் ரசம் வைப்பாள். ஒருநாள் அவர் ரொட்டியைப் பிய்த்து ரசத்தில் முக்கி வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். “அக்கா பார்த்தா அடிப்பா” என்றாள் சின்னு. “அவ எதுக்கு இங்க வரா” என்றார். அவளும் முக்கிச் சாப்பிட்டாள். அவளுக்கு மொறுமொறுப்பு, அவருக்குப் புளிப்பும் மிளகும். அப்பளத்தை நொறுக்கி மேலே தூவிக்கொண்டார்கள். ரொட்டிக்கடைக்காரரிடம் கேட்டு வந்து வெள்ளரிக்காயைக் காடியில் ஊறப்போட்டாள். சில நாள் இரண்டு பேரும் பேசக்கூட முடியாத அலுப்பில் இருப்பார்கள். அப்போதும் வெள்ளரிக்காய் கடிபடுகிற சத்தம் மாற்றி மாற்றிக் கேட்கும்.

மகள் தொலைபேசியில், “டாக்டர்ட்டப் போனியாம்மா?” என்று கேட்பாள். போயிருந்தாள். காத்திருங்கள், சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மழை குறைந்து, ஜன்னல் துணியை எடுத்துவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கியிருந்த நாளில் அது நடந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முந்தின நேரம். வண்டி இரட்டை லோடு தள்ளிவிட்டுப் போயிருந்தது. சின்னு ஒரு மூட்டையின் முடிச்சை அவிழ்த்து வாயை விரித்தாள். தொண்டையில் ஏதோ இடறியது. சாப்பிடாததால் இருக்கும் என்று குனிந்து போர்வையை இழுத்தாள். வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். என்ன ஆயிற்று நமக்கு என்று அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அப்புறம் மெல்ல முன்னால் வந்து, கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு, அந்த மூட்டையின்மேல் குனிந்து மூச்சை இழுத்தாள்.

நெட்டை அந்தப் பக்கமிருந்து, “பைத்தியமா உனக்கு” என்று கத்தினாள்.

சின்னு கையுறையை உருவிப் போட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்போது சோப்பை மோந்தாள், லேசாக ஒரு கூர்மை ஏறியது, அதுவும் இருந்தது. நடையில் இருக்கிற தன் பெட்டியைத் திறந்து போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். வேலை நேரத்தில் அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

“என்ன ஆச்சு? எங்க இருக்க?” பின்னால் பஸ்மேல் தண்ணீர் அடிக்கிற இரைச்சல்.

“வேலைலதான்.”

“கை கிய் மாட்டிக்கிச்சா?”

“இல்லீங்க. நாறுது.”

“என்னது? சத்தமாச் சொல்லு.”

“நாறுதுங்க. மூட்டையப் பிரிச்சேன், குப்புன்னு அடிச்சுது.”

தண்ணீர் இரைச்சல் நின்றது. அவர் குழாயை மூடியிருக்க வேண்டும்.

“நெசமாவா? நல்லா மோந்து பார்த்தியா?”

“பார்த்துட்டேன். குமட்டிக்கிட்டு வருது.”

“எப்படி நாறுது, சொல்லு.”

“எப்படிச் சொல்ல. மூத்திரம், மருந்து, அழுகல். சோறு புளிச்ச வாடைகூட.”

“தனித்தனியாத் தெரியுதா?”

“தெரியுதுங்க. தனித்தனியா.”

அவர் போனை விலக்கி, அந்த ஊர்ப் பாஷையில், உடைந்த குரலில் யாரிடமோ சொல்வது கேட்டது: “என் பொண்டாட்டிக்கு நாறுதாம்.” யாரோ என்ன என்று கேட்டார்கள். அவர் இன்னும் உரக்க, இன்னொருதரம் சொன்னார். பலபேர் சிரிக்கிற சத்தம் வந்தது.

“சரி, வைங்க. வேலை கெடக்கு” என்றாள்.

கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். புதுக் கையுறையை மாட்டி, கவசத்தை மூக்கின்மேல் இழுத்து இறுகக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். மூட்டைகள் பாதிக்கு மேல் பிரிக்காமல் கிடந்தன.